நன்றியுரை: பெரிய டீச்சர்

பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு வரிசை உண்டு. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். என் உத்தியோக காலம் முழுவதும் இந்த வரிசையை அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வரவேற்புரையில் ஒருவர் உளறினால் தலைவர் திருத்திவிடலாம். தலைவர் உளறினால் சிறப்பு விருந்தினர் சிரித்துச் சமாளிக்கலாம். நன்றியுரையில் என்ன சொல்லப்பட்டாலும் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் முறை கிடையாது. அடுத்தது நாட்டுப்பண். எழுந்து விறைத்து நிற்க வேண்டும். அது முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். சட்டசபையில் பேசுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இல்லை.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் குடித்தனம் நடத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். உத்திரமேரூரில் ஏரிக்கரைக்குக் கீழே கூலிக்காரர்கள் குடியிருந்த பகுதியில் ஓர் உதவிபெறும் ஆரம்பப் பள்ளி. அதன் தலைமையாசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். ஆள் குள்ளம். பெரிய கறுப்புக் குடை ஒன்று வைத்திருப்பார். வெயிலில் அதை விரித்துக்கொண்டு வந்தால் குடை தானாக நடந்து வருவது போலிருக்கும். பேச ஆரம்பிக்குமுன் ஒரு கிராம்பை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அந்தக் கன்னம் உப்பினால் யாருக்கோ நன்றி வரப்போகிறது என்று அர்த்தம்.

நான் அப்போது பள்ளித் துணை ஆய்வாளர் அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கோப்புகள் என் மேஜையில்தான் தூங்கும். அவை பொதுவாக நன்றாகவே தூங்கும். ஒருநாள் பெரிய டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். குடையை மடக்கினார். என் மேஜைக்கு முன்னால் நின்று, "ரொம்ப நன்றி சார்" என்றார். திரும்பிப் போய்விட்டார். எதற்கு நன்றி என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவருடைய பள்ளிக் கோப்பைத் தேடி எடுத்து, அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்து, பார்த்த கையோடு குறிப்பெழுதி மேலே அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் நன்றி என்பது பிறகுதான் உறைத்தது.

ஐம்பதுகளின் கடைசியான அந்த வருடங்களில் பள்ளிகளுக்குப் பொதுமக்கள் பொருள் கொடுப்பது ஓர் இயக்கமாகவே நடந்தது. வாராவாரம் ஏதாவது ஒரு பள்ளியில் பந்தல் போடுவார்கள். ஒருவர் பெஞ்சு கொடுப்பார். இன்னொருவர் பூகோள உருண்டை கொடுப்பார். கொடுத்த பொருளைவிடக் கொடுத்தவருக்குப் போட்ட மாலை கனமாக இருக்கும். செங்கல் சூளை வைத்திருந்த ஒரு நிலக்கிழார் பெரிய டீச்சரின் பள்ளிக்கு ஒரு பித்தளைக் குடம் கொடுத்தார். ஊரில் பாதி வயல் அவருடையது, சூளையும் அவருடையதே, அதனால் எல்லோருக்கும் அவர் முதலாளி. விழா முடிவில் டீச்சர் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்து, குடத்துக்கு நன்றி சொன்னார். அதே மூச்சில், "கிணத்துக்கு ராட்டினமும் கயிறும் நாளைக்கே அனுப்பி வைக்கப் போற முதலாளி அய்யாவுக்கும் நன்றி" என்றார். கையை ஆட்டினார். பிள்ளைகள் 'ஜன கண மன' என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி மாலையோடு விறைத்து நின்றார்.

பாட்டு முடிந்ததும் நேரே அவரிடம் வந்தார்.

"இன்னா டீச்சர், ராட்டினம் தரேன்னு நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க சொல்லல முதலாளி. கயிறு போட்டு வெறுங்கையால இழுத்தா பசங்க கை அறுந்துபோவும்னு உங்களுக்குத் தெரியாதா இன்னா? தெரியும். சொல்ல மறந்துட்டீங்க. நான் ஞாபகமா நன்றி சொல்லிட்டேன்."

ராட்டினம் வந்தது. அன்றிலிருந்து முதலாளி விழா என்றால் அழைப்பிதழைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசி வரியிலிருந்து படிப்பார். நன்றியுரை யார் என்று தெரிந்த பிறகுதான் சட்டை போடுவார்.

"இது மோசடி இல்லையா டீச்சர்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நன்றி சொல்றது என் வேலை சார். மத்ததெல்லாம் அவங்க வேலை" என்றார்.

காஞ்சிபுரம் பஸ் அந்தப் பள்ளியருகே நிற்காது. அவர் தினமும் ஓடும் பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டு, "நிறுத்தினதுக்கு நன்றிப்பா" என்று கண்டக்டரிடம் சொல்லுவார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் செய்யாததற்கு நன்றி வாங்குவான். நிறுத்த ஆரம்பித்தான்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும்தான். ஆறாவது படிக்க ஊர் நடுவில் இருந்த பள்ளிக்கு ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டும். பையன்கள் போனார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பவில்லை. ஐந்தாவது முடித்த பெண் அடுத்த வாரம் நாற்றங்காலில் நிற்பாள். அந்த வருடம் ஐந்தாவதில் எஸ்தர் என்று ஒரு பெண். கணக்கை நாம் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிட்டு, நாம் எழுதி முடிக்கிற வரையில் ஜன்னலைப் பார்க்கிற ரகம். அந்தப் பள்ளியில் ஜன்னல் கிடையாது என்பது வேறு விஷயம். நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை.

ஆறாம் வகுப்புக்கு அனுமதி கேட்டு டீச்சர் மனுப் போட்டிருந்தார். நேரில் பார்க்கத் துணை ஆய்வாளரோடு நானும் போனேன். விதி தெளிவாக இருந்தது: தனி அறை, நாலு பக்கமும் சுவர், ஓலை அல்லாத கூரை.

"சுவர் எங்கேம்மா?" என்றார் துணை ஆய்வாளர்.

"நன்றிங்க சார்."

"எதுக்கு?"

"சுவர் ஒண்ணுதான் குறைன்னு சொன்னீங்களே."

"கூரையும்தான் இல்லை."

"அதைச் சொன்னதுக்கும் நன்றி."

துணை ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

அந்த நேரம் எஸ்தரின் அம்மா வந்து கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"டீச்சர், பொண்ண இட்டுக்கினு போவ வந்தேன். அஞ்சாங்கிளாஸ்தான் முடியப் போவுதே. இன்னும் இங்க இன்னா பண்ணிக்கினு கீது அது?"

"ஆறாவது வருது."

"எங்க வருது? காஞ்சிபுரம் பஸ்லயா?"

"ஜூன்ல வருது. அதுவரிக்கும் நடவுக்கு அனுப்பாதே."

"ஜூன்ல வரலன்னா?"

"வரலன்னா நானே உன்கூட நாத்து பறிக்க வரேன்."

"நீயா? குனிஞ்சா நிமிர மாட்டே டீச்சர். அப்புறம் உன்ன வேற நாங்க தூக்கிக்கினு வரணும்" என்று சிரித்துவிட்டு, மகளை விட்டுவிட்டுப் போனாள். போகும்போது திரும்பி, "ஜூன் வரிக்கும்தான். அப்புறம் கேக்கமாட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

டீச்சரும் சிரிக்கவில்லை. கிராம்பை எடுத்தவர் வாயில் போடாமல் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டதைக் கவனித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்த ஒரு பெயிண்ட் கம்பெனிக்குக் கல்வியின் மேல் கருணை பிறந்தது. லாபத்தில் ஒரு பங்கை அறக்கட்டளையாக்கி, நகர்ப்புறப் பள்ளிகளுக்கு உதவுவதென்று தீர்மானம் போட்டார்கள். என்ன உதவி? பணமில்லை, புத்தகமில்லை. பெயிண்ட். நகரத்துப் பள்ளிகளின் சுவர்கள் அழுக்காக இருப்பதால் மாணவர்களின் மனம் மலர மறுக்கிறது என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. கத்திரிப்பூ நிறத்தில் கிடங்கு நிறைய விற்காத டப்பாக்கள் கிடந்தன என்பதை லாரி டிரைவர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

தகுந்த பள்ளிகளைப் பரிந்துரைக்கச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கும் கேட்டு எழுதியிருந்தார்கள். நகரம் என்றால் என்ன என்பதற்குக் கம்பெனியே விளக்கம் கொடுத்திருந்தது: பஸ் வசதி, தபாலாபீஸ், சினிமாக் கொட்டகை உள்ள ஊர். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே மேஜை மேல் குடையின் நிழல் விழுந்தது.

"நன்றி சார்."

"எதுக்கு டீச்சர்?"

"எங்க ஸ்கூல் பேரை எழுதினதுக்கு."

"உங்க ஸ்கூல்ல பெயிண்ட் அடிக்கச் சுவரே இல்லையே."

"அவங்க சுவர் கீதான்னு கேட்டிருக்காங்களா சார்?"

படித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சுவரில்லாத பள்ளி ஒன்று இருக்கக்கூடும் என்பது சென்னையில் யாருக்கும் தோன்றியிருக்காது. உத்திரமேரூரில் பஸ் இருந்தது. தபாலாபீஸ் இருந்தது. சினிமாவுக்கு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அது கீற்றைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் நாங்கள் கிராமம். திரும்பி வந்து பாட்டுப் போட்டால் நகரம். அப்போது பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விதிப்படி நாங்கள் நகரம். எழுதி அனுப்பினேன்.

பெயிண்ட் வழங்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். கம்பெனியின் டைரக்டர் வருகிறார், கூடவே கம்பெனிப் பத்திரிகைக்குப் படமெடுக்க ஒருவர் வருகிறார் என்று செய்தி. இதைக் கேள்விப்பட்டதும் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துணை ஆய்வாளரின் அறைக் கதவைச் சாத்தாமலே பேசினார்.

"சார், மேடையில நான் உக்கார்றேன். மாலை போடுங்கோ, வாணான்னு சொல்லல. ஆனா அந்தம்மா நன்றி சொல்லக் கூடாது. சொன்னா நான் வரமாட்டேன். ஒரு கொடம் குடுத்துட்டு நான் பட்ட பேஜாரு போதும்."

துணை ஆய்வாளருக்கும் அதில் உடன்பாடே. சுவர், கூரை என்று அவரும் ஏற்கெனவே இரண்டு நன்றி வாங்கியிருந்தார். அழைப்பிதழ் இப்படி அச்சானது: வரவேற்புரை, தலைமையாசிரியை. நன்றியுரை, அலுவலகக் குமாஸ்தா. அதாவது நான்.

அழைப்பிதழை டீச்சரிடம் கொடுத்தது நான்தான். நன்றியுரை வரியை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க நல்லா பேசுவீங்க சார்" என்றார். நன்றி சொல்லவில்லை. அவரை நன்றி சொல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

விழா நாள். கொட்டகைக்கு முன்னால் பந்தல். மேஜை மேல் கோபுரம் போல டப்பாக்கள். தரையில் ஐந்தாவது பெண்கள் முன்வரிசையில், பின்னால் வேலையை விட்டு வந்த தாய்மார்கள். முதலாளி அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது மாறிவிடவில்லையே என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டார். டைரக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பங்குனி வெயிலில் அது ஒரு தவம்.

டீச்சரின் வரவேற்புரை இரண்டே வரி. "வந்தவங்களுக்கு வணக்கம். நேரமாச்சு, அய்யா பேசட்டும்." முதலாளி நிம்மதியாகக் கால் மேல் கால் போட்டார்.

டைரக்டர் பேசினார். எங்கள் ஊருக்கு வருகிற எல்லாப் பிரமுகர்களையும் போல அவரும் கோயில் கல்வெட்டில் தொடங்கினார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலையில் தேர்தல் நடத்திய ஊர் என்றார். நாங்கள் முதல் முறை கேட்பது போல் கைதட்டினோம். பிறகு நகர்ப்புறக் கல்விக்கு வந்தார். தூய சுவர், தூய சிந்தனை என்றார். சொல்லிக்கொண்டே சுவரைக் காட்டத் திரும்பினார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஏரிக்கரையும் அதன்மேல் நாலு எருமைகளும் தெரிந்தன. காட்டிய கையை மெல்ல இறக்கிக் கைக்குட்டை எடுத்துக்கொண்டார். மேலும் சிந்தனையைப் பற்றியே பேசி முடித்தார். ஒரு டப்பாவை டீச்சரிடம் கொடுத்தபோது படமெடுக்கிறவர் படமெடுத்தார்.

நன்றியுரைக்கு நான் எழுந்தேன். எவருக்கும் தீங்கு செய்யாத நன்றியுரை அது. எனக்கே தூக்கம் வந்தது. எல்லோருக்கும் பதவி வரிசைப்படி நன்றி சொல்லி உட்கார்ந்தேன். நாட்டுப்பண்ணுக்காக மேடையில் எல்லோரும் எழுந்தார்கள்.

பாட்டு வரவில்லை. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையை ஆட்டவில்லை. கன்னம் உப்பியிருந்தது.

மைக்குக்கு முன்னால் வந்தார். "எல்லாருக்கும் சார் நன்றி சொன்னாரு. சாருக்கு யார் நன்றி சொல்றது? அது மரியாதையில்லையே" என்றார்.

துணை ஆய்வாளர் என் காதருகே குனிந்து, "இதுக்கு விதியில் இடமிருக்கிறதா?" என்றார்.

"தடையில்லை சார்" என்றேன். உண்மை அதுதான். நன்றியுரைக்கு நன்றி சொல்லக்கூடாதென்று எந்த உத்தரவும் நான் பார்த்ததில்லை.

டீச்சர் எனக்கு ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "சார் அவசரத்துல சிலரை விட்டுட்டாரு. அதையும் நானே சொல்லிடறேன். பெயிண்ட் குடுத்த கம்பெனிக்கு நன்றி. பெயிண்டை அடிக்கச் சுவர் வேணும். அதுக்குச் சூளையிலேர்ந்து செங்கல் அனுப்பி, ஆளும் விட்டுக் கட்டித் தரப்போற முதலாளி அய்யாவுக்கு நன்றி. சுவர் மேல மழை பேஞ்சா கம்பெனி பெயிண்ட் கரைஞ்சி கம்பெனி பேரு கெட்டுடும். அதனால ஓட்டுக்கூரை போட்டுத் தரப்போற டைரக்டர் அய்யாவுக்கு நன்றி. அய்யா பெயிண்ட் குடுக்கறப்ப புடிச்ச படத்துல பின்னால எருமை வுழுந்திருக்கும். சுவர் எழும்பின பிறகு இன்னொரு படம் புடிச்சி, அதைப் பத்திரிகையில போடறதா இருக்கற கம்பெனிக்கு நன்றி. ஜூன்ல ஆறாவது குடுக்கப்போற துணை ஆய்வாளர் அய்யாவுக்கும் நன்றி."

கையை ஆட்டினார்.

நாட்டுப்பண் அன்றைக்குப் போல் நீளமாக எனக்கு என்றும் இருந்ததில்லை. மேடையில் மூன்று பெரிய மனிதர்கள் அசையாமல் நின்றார்கள். டைரக்டரின் கண் மட்டும் படமெடுக்கிறவரைத் தேடியது. முதலாளியின் கையில் அழைப்பிதழ் உருண்டையாகிவிட்டிருந்தது.

டைரக்டர் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி அப்படிப்பட்டவரல்ல.

"குடத்துக்கு ராட்டினம் சரி. பெயிண்டுக்குச் சுவரா? ஊர்ல யார்னா கேட்டா சிரிக்கமாட்டானா? ஒரு செங்கல் அனுப்பமாட்டேன், பார்த்துக்கோ."

"அனுப்ப வேணாம் முதலாளி. சொல்லலன்னு நீங்களே இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நன்றியைத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்று டீச்சர் பின்னால் கையைக் காட்டினார்.

பின்னால் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். எஸ்தரின் அம்மா முன்னால் வந்து கும்பிட்டாள். "நல்லா இருக்கணும் நைனா. பசங்க வூட்டாண்டயே படிக்கும்" என்றாள். அடுத்தவள் கும்பிட்டாள். அதற்கடுத்தவள். முதலாளி பதிலுக்குக் கும்பிட்டபடியே பின்வாங்கினார். மறுநாள் காலை ஏரிக்கரையில் போனபோது எதிரே வந்தவள் நன்றி சொன்னாள். களத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். கடைத்தெருவில் சொன்னார்கள். நடவுக்கு ஆள் கூப்பிட வேண்டிய காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் வண்டியில் செங்கல் வந்து இறங்கியது. அதன் மேலேயே உட்கார்ந்து வந்திருந்தார் முதலாளி. "நன்றி கின்றின்னு யார்னா சொன்னீங்க, திருப்பி ஏத்திக்கினு பூடுவேன்" என்றார்.

கம்பெனியிலிருந்து வெகுநாள் பதிலில்லை. சுவர் எழும்பி வெயிலில் நின்றது. மே மாதமும் பாதி போய்விட்டது. எஸ்தரின் அம்மா பள்ளிப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள். அறக்கட்டளையின் சட்டதிட்டப்படி பெயிண்ட் மட்டுமே தர முடியும், கூரைக்கு இடமில்லை என்று அங்கே வாதம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பத்திரிகைக்கு எருமை இல்லாத படம் வேண்டும் என்ற கட்சி கடைசியில் ஜெயித்தது. பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது லாரியில் ஓடுகள் வந்தன. 'சுவர்ப் பாதுகாப்புக்கான துணைப் பொருள்' என்று கணக்கெழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் யாரோ, என்னைப் போல் குமாஸ்தா ஜாதி. அவரை நினைத்து நான் மனதுக்குள் எழுந்து நின்றேன்.

துணை ஆய்வாளர் அறையை அளந்தார். விதிப்படி இருந்தது. கையெழுத்துப் போட்டார். கத்திரிப்பூ நிறம் மட்டும் கண்ணைக் குத்தியது. ஆனால் நிறத்தைப் பற்றி விதி எதுவும் கிடையாது. எஸ்தரும் இன்னும் சில பெண்களும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கே 'கத்திரிக்கா ஸ்கூல்' என்று பேர் வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஏழாவதும் எட்டாவதும் வந்தன. அவற்றுக்கு யார் யார் நன்றி வாங்கினார்கள் என்று சொன்னால் இடம் போதாது.

நான் பல ஊர் மாற்றலாகி, அறுபதுகளின் கடைசியில் மறுபடி உத்திரமேரூருக்கே கண்காணிப்பாளனாக வந்தேன். வந்த வருடம் பெரிய டீச்சருக்கு ஓய்வு. பிரிவுபசார விழா. அழைப்பிதழ் வரிசை வழக்கம்போல் என் கையால். இந்த முறை அவர் சிறப்பு விருந்தினர். கழுத்தில் மாலையோடு, கால் தரையில் எட்டாமல் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி வயதாகிப்போய்த் தடியூன்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "நன்றியுரை யாரு?" என்று கேட்டார்.

"எஸ்தர் டீச்சர்" என்றேன். எட்டாவது முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, அந்தப் பள்ளிக்கே வேலைக்கு வந்திருந்தாள்.

எஸ்தர் எழுந்தாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு, "எட்டாவதுக்குக் கணக்கு எடுக்க இன்னும் ஆள் போடல. ஆள் வர்ற வரைக்கும், ஓய்வு பெற்ற பிறகும், சம்பளம் இல்லாம தினமும் வந்து கணக்குச் சொல்லித்தர ஒத்துக்கிட்ட பெரிய டீச்சருக்கு நன்றி" என்றாள். கையை ஆட்டினாள்.

பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கி விறைத்து நின்றார். மாலை முழங்கால் வரை தொங்கியது. முன்வரிசையில் முதலாளி தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயால் சத்தமாகப் பாடினார். அவர் நாட்டுப்பண் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நான் எப்போ சார் ஒத்துக்கிட்டேன்? இது செல்லுமா?"

"தடையில்லை டீச்சர்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கிராம்பைத் தேடினார். பிறகு, தேடுவதை நிறுத்திவிட்டு, "திங்கக்கெழமை எந்தப் பாடத்துலேர்ந்து எடுக்கணும்னு அந்தப் பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.